வெள்ளை வண்டியின் உட்புறம்

டாரியஸ் கடைசியாக அனுப்பிய படத்தில் ஒரு கதவுத் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளை ஒட்டி ஓர் இரும்பு அளவுகோல், அதைப் பிடித்திருந்த கட்டைவிரல், நகத்துக்கடியில் கிரீஸின் கறுப்பு. அவன் அம்மா உர்சுலா அப்போது சிங்கப்பூரில், தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல் கடை முன் நின்றிருந்தாள். கணவருடைய கால்சட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பிற்பகல் மூன்று மணி, அங்கே காலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெயில் ஏறிய நேரத்தில் எடுத்த படம், ஆனால் தாழ்ப்பாளைச் சுற்றி ஒரே இருட்டு. கைப்பேசியின் வெளிச்சம் விழுந்த இடம் தவிர எங்கும் ஒரு கீற்றுகூட இல்லை.

கதவை மூடிக்கொண்டா எடுத்தாய் என்று கேட்டாள்.

பதில் குரலாக வந்தது. தையல் இயந்திரச் சத்தத்தில் கேட்காமல் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். "மூடினாத்தாம்மா லாட்ச் எப்படி உக்காருதுன்னு தெரியும். மாடல் கிட் வந்துடுச்சா? பாக்ஸைத் திறந்துடாதீங்க லா. ஒரு பார்ட் தொலைஞ்சாலும் உங்க தலையிலதான்."

வந்துவிட்டது, தொடமாட்டேன் என்று பதில் போட்டுவிட்டு, கால்சட்டையை வாங்கிக்கொண்டு பிடோக் வீட்டுக்கு ரயில் ஏறினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்த எதுவும் சாதாரணம் இல்லை.

டாரியஸ் டீசல் மெக்கானிக். ஐ.நா. அமைதிப் படையின் கவச வண்டிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்தம். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அதன் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் சரியாக வாயில் நுழைந்ததில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து மாடல் வண்டிகள் செய்கிறவன். தான் கைவைத்துப் பழுதுபார்த்த வெள்ளை வண்டியையே முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யவேண்டும் என்பது அவன் ஆசை. கடையில் கிடைக்கும் பெட்டியில் வண்டியின் வெளிப்புறம் மட்டும்தான் இருக்கும், உள்ளே வெறும் பள்ளம். இருக்கைகள், கம்பிகள், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள, அளவுகோல் வைத்துப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். மொத்தம் நாற்பத்தொன்று.

தாழ்ப்பாள் படம் வந்த மறுநாளுக்கு மறுநாள், வெள்ளத்தில் ஒரு தற்காலிகப் பாலம் சரிந்தது. வண்டி ஆற்றுக்குள் போனது. முன்னால் உட்கார்ந்திருந்த இருவர் நீந்திக் கரையேறினார்கள். பின்னறையில் டாரியஸ் மட்டும் இருந்தான். வண்டியை வெளியே இழுக்க இரண்டு நாளாயிற்று.

நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. விழுந்த வேகத்தில் தலையில் அடிபட்டு அவர் உடனடியாக நினைவிழந்தார், எந்த வேதனையையும் உணர்ந்திருக்க மாட்டார் என்று அதில் இருந்தது. சவப்பெட்டி மூடி முத்திரையிட்டு வந்தது. திறக்காமல் இருப்பது நல்லது என்றார்கள். உர்சுலா கையெழுத்துப் போட்டாள்.

உடனடியாக. அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவள் கணவர் அருளானந்தம் தினமும் படுத்துத் தூங்கினார். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வாரம் ஐந்து நாள் வேலை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வந்து குளித்து, செபம் சொல்லி, விளக்கை அணைக்கும்போது சில நாள் அவளிடம் கேட்பார், "அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுல்ல?" தெரிஞ்சிருக்காது என்பாள். அடுத்த நிமிடம் குறட்டை வரும். அவள் விழித்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சொல் உண்மையா என்று தெரியவேண்டும். அது பொய்யாக இருந்தால் அவருக்குத் தெரியவே கூடாது.

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அந்தக் கிட் பெட்டியை அருளானந்தமே அலமாரியிலிருந்து இறக்கி வைத்தார். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு போடும்போது படத்துக்குப் பக்கத்தில் இந்த வண்டியையும் வைத்தால் நன்றாயிருக்கும் என்றார். "உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அது உண்மை. அவள் முப்பத்தோராண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் பல் லேபில் வேலை பார்த்தவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் கல்லாக இறுகும் கல்மாவு ஊற்றி, பல்லின் வார்ப்பெடுத்து, மெழுகு வைத்து, பல் உறை செய்வது அவள் தொழில். ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. வாய் விட்டுப்போன பள்ளத்தை வைத்துத்தான் அவளுக்கு மனிதர்களைத் தெரியும். இரவில் பல்லைக் கடிக்கிறவர், ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர், வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர், எல்லாம் அச்சில் இருக்கும். ஆள் பொய் சொல்வார். அச்சு சொல்லாது.

வேலையை ஆரம்பித்தாள். அருளானந்தம் போன பிறகு, பாத்திரம் கழுவி, சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ் விரித்து, டாரியஸின் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். சக்கரங்கள், அச்சுத்தண்டுகள், கண்ணிவெடியைத் தாங்குவதற்காகக் கீழ்ப்புறம் படகு மாதிரி குவிந்திருந்த உடல். மாடல் செய்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே யாசர் என்றொருவர், வேறொரு நாட்டு அமைதிப் படையில் இதே வண்டியை ஐந்தாண்டு ஓட்டியவர். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினார். இருக்கைத் துணி என்ன நிறம், கூரையில் எத்தனை ஆணி, பின்கதவு எவ்வளவு எடை. நூற்று அறுபது கிலோ என்றார். வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒருநாள், தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டாள். அவர் சந்தேகப்படாமல் எழுதினார்: எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்குதான் முதலில் இறங்கும். உள்ளே முழுக்கத் தண்ணீர் நிறையும்வரை கதவைத் தள்ளவே முடியாது. மிச்சக் காற்றெல்லாம் பின்பக்கக் கூரை மூலையில் போய்த் தங்கும். கொஞ்ச நேரத்துக்குப் போதும்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கணினியை மூடிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

அந்த வாரத்திலிருந்துதான் வாசனை. முதலில் சமையலறையில், பிறகு கூடத்தில், பிறகு டாரியஸின் தலையணை உறையில். கலங்கிய ஆற்றுச் சேறு, அதனடியில் மெல்லிய டீசல். அருளானந்தத்தின் செருப்பில் ஒட்டி வரும் பண்ணை மண் என்று நினைத்து அதைக் கழுவி வெளியே வைத்தாள். வாசனை போகவில்லை. பத்தாவது மாடி வீடு, எல்லாச் சன்னலும் திறந்திருக்கிறது, கடல்காற்று வருகிறது. ஆனாலும் மேசையருகே உட்கார்ந்தால் மூக்கின் பின்புறம் ஈரமாவதுபோல் இருந்தது.

இருக்கைகள் செய்யவேண்டிய நேரம் வந்தது. உட்புறம் வளைந்தும் சரிந்தும் இருந்தது. மாடல் செய்கிறவர்கள் அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து அளவெடுப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டாள். அன்று அவள் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. உள்ளே வாஸ்லின் தடவி, லேபில் அச்செடுக்கப் பயன்படுத்தும் சிலிகான் பட்டி என்ற மாவை, நீலமும் வெள்ளையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் அடைத்து, இரண்டையும் சேர்த்து ரப்பர் வளையம் போட்டாள். ஐந்து நிமிடம். பிரித்ததும் உள்ளே இருந்த வெற்றிடம் முழுவதும் ஒரு சோப்புக் கட்டி அளவில் கைக்கு வந்தது. அதை வைத்து அளவெடுப்பது அவளுக்குச் சுலபம்.

கட்டியின் பின்பக்க மேல் மூலையில் ஐந்து புள்ளிப் பள்ளங்கள் இருந்தன.

காற்றுக் குமிழி. பட்டியைச் சரியாக அழுத்தாவிட்டால் வரும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் குமிழி விட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் மறுபடி செய்தாள், பொறுமையாக, கட்டைவிரலால் மூலை மூலையாக அழுத்தி. பிரித்தாள். அதே இடம். இப்போது பத்து. ஐந்தைந்தாக, இரண்டு சிறு வளைவுகளாக.

குமிழி ஒரே இடத்தில் இரண்டு முறை வராது.

இரண்டு கட்டிகளையும் ஒரு ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு பழைய லேபுக்குப் போனாள். படிக்கட்டில் அதே மெழுகு வாசனை, கீழே பூக்கடை மல்லிகை. முஸ்கான் இன்னும் அங்கேதான் இருந்தாள். இவளிடம் தொழில் கற்றவள், இப்போது லேபையே நடத்துகிறாள். முதல் கட்டியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பபிள் லா அக்கா. எனக்கு இதுக்கு என்ன திட்டு திட்டுனீங்க, ஞாபகம் இருக்கா? ரிட்டையர் ஆனதும் கை போச்சு."

"ரெண்டாவதைப் பாரு."

முஸ்கான் அதை விளக்குக்கடியில் திருப்பினாள். கம்பி முனையை ஒரு பள்ளத்துக்குள் விட்டாள். முனை உள்ளே போனது. இன்னும் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, லேபுக்கு வரும் எந்த அச்சைக் கையிலெடுத்தாலும் செய்கிற பழக்கத்தில், மேசையிலிருந்து ஒரு சிட்டையும் பேனாவும் எடுத்தாள்.

"பேஷன்ட் பேரு என்ன போட?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தாள். உர்சுலா கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். பட்டி அடைக்கும் முன் உட்பக்கம் பூசுகிற மெல்லிய சிலிகான் குழாய் ஒன்று வேண்டும் என்றாள். ரேகை முதற்கொண்டு எடுக்கக்கூடிய வகை. முஸ்கான் கொடுத்தாள். வாசல்வரை வந்தவள், "அக்கா, இத விட்டுருங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை பிற்பகல். அருளானந்தம் வேலைக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து கிழக்கே இருண்டுகொண்டு வந்து, இரண்டரை மணிக்கு மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்ததும், கூடத்திலும் அறைகளிலும் சமையலறையிலும் ஓடி ஓடி எல்லாச் சன்னல்களையும் இழுத்து மூடிவிட்டு வந்து நின்றபோது, மழைச் சத்தம் வீட்டைச் சுற்றி ஒரே கனமாக இறங்கியிருந்தது. எதிர்ப் பிளாக் தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பழுப்பு வெளிச்சம் மட்டும் அசைந்தது. மேல்வீட்டில் யாரோ எதையோ இழுக்கும் ஓசை, குழாய்க்குள் நீர் இறங்கும் கொப்பளிப்பு, குளிர்பதனப் பெட்டியின் முனகல், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மழுங்கிக் கேட்டன. சேற்று வாசனை நாக்கில் படும் அளவுக்கு இருந்தது.

மெல்லிய சிலிகானை உட்புறம் முழுக்கப் பூசினாள். பட்டியைப் பிசைந்தாள். அடைத்தாள். மூடினாள். ரப்பர் வளையம் நான்கு சுற்று. அடுப்படிக் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்தாள்.

முதல் நிமிடம் ஒன்றுமில்லை.

பிறகு தட்டும் ஓசை. நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல, மிகச் சிறியதாக. மழைத்துளி என்று சன்னலைப் பார்த்தாள். சன்னல் மூடியிருந்தது. மறுபடி. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. மேசையில் இருந்த வண்டியின் மேல் ரப்பர் வளையம் நடுங்கிக்கொண்டிருந்தது.

பின்கதவுப் பக்கம்.

கை தானாக நீண்டது. நின்றது.

இறுகும் முன் அச்சைப் பிரிக்கக்கூடாது. முப்பத்தோராண்டாக அவள் கை அறிந்த ஒரே சட்டம் அது. முன்னால் பிரித்தால் இழுபடும், கிழியும், எல்லாம் பாழ். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எது நடந்தாலும் நேரம் முடியும்வரை தொடாதே. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தட்டல் வேகமாயிற்று. பின்கதவிலிருந்து நகர்ந்தது. மேலே போனது. கூரைக்கு. இப்போது இடைவெளி இல்லை. பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிற ஓசை. கடிகாரத்தில் மூன்று நிமிடம் மிச்சம்.

இரண்டரை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை நிமிடம் இருக்கும்போது மெதுவாயிற்று. ஒரு தட்டு. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இல்லை.

கடிகாரம் மணியடித்தபோது, அவள் மேசையருகே இல்லை என்பதை உணர்ந்தாள். கூடத்து மூலையில் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தாள். நுனிக்காலில். இரண்டு உள்ளங்கைகளும் கூரையில் அழுந்தியிருந்தன. முகம் மேல்நோக்கி, உதடு சுண்ணாம்பில் படும்படி. மூச்சு வாங்கியது. எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை.

இறங்கினாள். வண்டியைப் பிரித்தாள்.

கட்டி சுத்தமாக வந்தது. பத்துப் பள்ளங்களும் அதே இடத்தில். கத்தியால் கட்டியை நெடுக்காக இரண்டாக அறுத்தாள். உள்ளே குழிவு இருந்தது. பட்டி எதையோ சுற்றி மூடி இறுகியிருந்தது. அந்த எதுவோ இப்போது இல்லை. குழிவைப் பார்த்து உருவம் சொல்ல முடியாது. மேடெல்லாம் பள்ளமாக, பள்ளமெல்லாம் மேடாக இருக்கும். ஊற்றித்தான் பார்க்கவேண்டும்.

ஊற்றாமல் இருந்திருக்கலாம். இரண்டு பாதியையும் குப்பை கொட்டும் குழாயில் போட்டிருக்கலாம். அதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். ஆனால் கேட்டது அவள்தான். பதில் கையில் இருந்தது.

கல்மாவைக் கரைத்தாள். பாதிகளைச் சேர்த்துக் கட்டி, ஊசிக்குழாயால் பள்ளம் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். மேசையை விரலால் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றினாள். கல்மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு ஏறுவதை விரலில் உணர்ந்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மழை விடவில்லை.

பட்டியை உரித்தாள்.

அரை அடி அளவுகோலில் நான்கைந்து சென்டிமீட்டர் உயரம். நின்றிருந்தான். படுக்கவில்லை, சரியவில்லை, தலையில் அடிபட்டுக் கிடக்கவில்லை. இருக்கை முதுகில் ஏறினவன்போல் ஒரு கால் மடங்கி, மறு கால் நுனிவிரலில். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. அரிசி மணியளவு உள்ளங்கைகள், விரல்கள் விரிந்து, இல்லாத கூரையைத் தள்ளிக்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடியை இழுத்து வைத்தாள். விரல் நுனிகள் தேய்ந்திருந்தன. நகம் இல்லை.

முகம் நேர்மேலே பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. முழுக்கத் திறந்திருந்தது.

அந்த வாய்க்குள் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது வாய்தானே. மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல் கொஞ்சம் உள்வாங்கி, அதன் பக்கத்துப் பல்லை ஒட்டி. கீழே நெருக்கி முளைத்த முன்பற்கள். கம்பி போடவேண்டாம், அழகாகத்தான் இருக்கிறது என்று அவளே சொன்ன பற்கள்.

பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தாள்.

உடனடியாக இல்லை. உடனடியாக இல்லவே இல்லை.

பூட்டில் சாவி திரும்பியது.

மழையால் பண்ணையில் வேலையை நிறுத்திவிட்டார்களாம். அருளானந்தம் நனைந்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றிப் பிழிந்தபடி, ஏன் வீடு இப்படி இருட்டிக் கிடக்கிறது, விளக்கைப் போடக்கூடாதா என்றார். விளக்கைப் போட்டார். மேசைக்கு வந்தார். கண்ணாடி நனைந்திருந்ததால் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார். அவள் கையை மூடுவதற்குள் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னது, பொம்மையா? குடு பாப்போம்."

கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் வாயில் வரவில்லை. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"நம்ம பயலா?"

"ஆமாங்க."

"நிக்கிறானா?" விரல் நுனியால் தடவினார். "கையை மேல தூக்கிட்டு என்ன பண்றான்?"

உர்சுலா அவர் முகத்தைப் பார்த்தாள். மழைநீர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. பத்து மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ இளகியிருந்தது.

"ரிப்பேர் பண்றான்ங்க," என்றாள். "கூரை லைட்டு எரியலையாம்."

அருளானந்தம் சிரித்தார். சிரிப்பு முடியும் இடத்தில் உதடு கோணிற்று. "அவன் எங்க சும்மா உக்காந்தான். சாப்பாட்டு மேசையிலகூட ஸ்க்ரூடிரைவரோட..." முடிக்கவில்லை. பொம்மையை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, "உள்ள வச்சிரு உர்சு. யாருக்கும் தெரியவேணாம். நமக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

"பெயின்ட் அடிக்கணும், இருக்கை செய்யணும்..."

"அதெல்லாம் எதுக்கு? மூடினா யாரு பாக்கப்போறா? இப்பவே வை. நானும் பாக்குறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைக்க ஒரு துணியைத் தேடி எட்டினார்.

அவர் துடைத்து முடிப்பதற்குள் செய்யவேண்டியிருந்தது. அவள் அவனைக் கீழ்ப்பாதியில் நிறுத்தினாள். நின்றான், தாங்கல் ஏதும் இல்லாமலே. விளிம்பு முழுக்கப் பசை தடவினாள். தாராளமாக. இந்தப் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும்; பிறகு பிரிக்க வழியே கிடையாது. மேல்பாதியை எடுத்துத் தலைக்கு மேல் கொண்டுவந்தாள். கைகள் கூரையில் சரியாகப் போய்ப் பொருந்தின.

அழுத்தினாள். எண்ணினாள். அறுபதுவரை.

உள்ளே ஒரே ஒரு தட்டு.

"காஞ்சிருச்சா?" என்றார் அருளானந்தம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

காய்ந்துவிட்டது என்றாள்.

வெளிப்புறத்துக்கு வெள்ளை அடித்தாள், கறுப்பில் ஐ.நா.வின் இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒட்டினாள். திருப்பலிக்குப் பிறகு மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள், கதவு ஆணிகளைக்கூட விடவில்லையே என்று வியந்தார்கள். அருளானந்தம் ஒவ்வொருவரிடமும் அது அவன் பழுதுபார்த்த வண்டி என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. வண்டி இப்போது கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் நன்றாகத் தூங்குகிறார். முன்புபோல எதையும் கேட்பதில்லை.

அவர் வேலைக்குப் போனபின் தூசி துடைப்பது அவள் வேலை. கல்மாவின் சூடு அரை மணியில் தணியும், அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில். மூடி ஒன்பது மாதமாகிறது. துணி வழியாக விரல் கூரைமேல் போகும்போது எங்கும் சில்லென்றிருக்கும் பிளாஸ்டிக், பின்பக்க மூலையில் மட்டும், இரண்டு அரிசி மணியளவு இடத்தில், இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது.